குதிரைக்கு எந்த சப்ளிமெண்ட்? முதல்ல புல்லை எடை போடுங்க தம்பி

கேள்வி: வணக்கம் டாக்டர். நான் மலேசியாவுல புக்கிட் மெர்தாஜாம் பக்கம் லாரி தொழில் பண்றேன். மகளுக்கு 14 வயசு, ரெண்டு வருஷமா ரைடிங் கத்துக்கிறா. சிங்கப்பூர்ல ரேஸ் ஓடி ரிட்டையர் ஆன ஒரு தாரோபிரெட் எங்ககிட்ட வந்துருக்கு, 7 வயசு, காயடிச்ச ஆண் குதிரை. விலா எலும்பு தெரியுது, முடி மினுமினுப்பா இல்ல, குளம்பு ஓரம் உடையுது, கொஞ்ச நாளா நடையும் குறுகிப் போச்சு, ஒரு நாள் இந்தக் கால் ஒரு நாள் அந்தக் கால்னு இருக்கு. தினம் 10 கிலோ நேப்பியர் புல், 2 கிலோ பெல்லட், 2 கிலோ தவிடு குடுக்கிறோம், கூடவே முன்னாடி இருந்த ஸ்டேபிள்ல குடுத்துவிட்ட வைட்டமின் ஈ - செலினியம் பவுடர். கடையில நாலு டப்பா வாங்க சொல்றாங்க: குளம்புக்கு பயோட்டின், ரத்தம் ஊற அயர்ன் டானிக், மூட்டுக்கு குளுக்கோசமைன், வியர்வைக்கு எலக்ட்ரோலைட். மாசம் 580 வெள்ளி ஆகும். பக்கத்துல மாடு வளர்க்கிற அண்ணே, அதெல்லாம் வேணாம் மாட்டுத் தீவனத்தைக் கலந்து போடுன்றாரு. அப்பா கொள்ளு அவிச்சுப் போட சொல்றாரு. இதுல எதை வாங்குறது? பெல்லட் மூட்டையோட லேபிள், பழைய பவுடர், நாலு டப்பா எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன்.

பதில்:

வணக்கம் தம்பி. லேபிளை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும். பாதிப்பேர் "ஒரு நல்ல பவுடர் பேர் சொல்லுங்க டாக்டர்"னு மட்டும் எழுதுவாங்க, குதிரை என்ன திங்குதுன்னு ஒரு வரி இருக்காது, அதுக்கு நான் என்ன பதில் எழுத முடியும்.

மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல ஒண்ணு. மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் ரெண்டும் அந்தக் குதிரை பக்கமே போகக்கூடாது. ஒரு கைப்பிடி கூட வேணாம். அந்த அண்ணே நல்ல மனசோடதான் சொல்லிருப்பாரு, அவரு மாடு அதைத் தின்னுட்டு நல்லாத்தான் இருக்கும். ஆனா மாட்டுத் தீவனத்துலயும் கோழித் தீவனத்துலயும் மொனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்து கலந்திருக்க வாய்ப்பிருக்கு, கோழிக்கு வர்ற காக்சிடியோசிஸ் நோயைத் தடுக்க, மாட்டுக்கு எடை ஏற அதைப் போடுவாங்க. மாட்டுக்குப் பழகின அளவு குதிரைக்கு விஷம். உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் மொனென்சின் போனாலே குதிரை செத்துடும், நேரா இதயத் தசையைத்தான் பிடிக்கும், மாத்து மருந்து கிடையாது. தப்பிச்ச குதிரை கூட சில சமயம் அப்புறம் ஒரு நாள் ஓடும்போது இதயம் நின்னு விழுந்துடும், முதுகுல பிள்ளை உக்காந்திருக்கும்போது அப்படி நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால மாட்டுத் தீவன மூட்டையும் குதிரை பெல்லட் மூட்டையும் ஒரே ஷெட்ல வைக்காதீங்க, அள்ளுற டின் கூட வேற வேறயா இருக்கட்டும், லீவுல வேற ஆள் வந்து தீவனம் போட்டா தெரியணும்ல, சுவத்துல பெருசா எழுதி ஒட்டுங்க.

சரி இப்ப உங்க குதிரைக்கு வருவோம்.

நீங்க நாலு டப்பாவுல எதை வாங்குறதுன்னு கேட்டிருக்கீங்க, நான் டப்பாவைப் பாக்கிறதுக்கு முன்னாடி தொட்டியைத்தான் பாத்தேன். 10 கிலோ நேப்பியர்னு எழுதிருக்கீங்க. காதுக்கு நிறையாத்தான் கேக்குது, வெட்டிக் கட்டி வச்சா ஒரு பெரிய கட்டா தெரியும். ஆனா தம்பி பச்சைப் புல்லுல முக்கால்வாசிக்கு மேல தண்ணி. நேப்பியர்ல காய்ஞ்ச பொருள்னு பாத்தா 100 கிலோவுக்கு 20 கிலோ தேறினா பெருசு, மழைக்காலத்துல அதுவும் தேறாது. அப்ப உங்க 10 கிலோ புல்லுல நெசமான சாப்பாடு 2 கிலோதான். ஒரு குதிரைக்கு நாளைக்கு அது எடையில நூத்துக்கு ஒன்றரை பங்காவது காய்ஞ்ச கணக்குல புல் போகணும், அது கீழ் எல்லை, 2 பங்கு போனா நல்லது. உங்க குதிரை 470 கிலோன்னு வச்சுக்கிட்டா 7 கிலோ குறைஞ்சபட்சம், நல்லா இருக்கணும்னா 9 கிலோ. நீங்க குடுக்கிறது 2. விலா எலும்பு ஏன் தெரியாது?

உங்களைக் குத்தம் சொல்றதுக்காக இதை எழுதல. பெரிய பெரிய ஸ்டேபிள்லயே இதைப் பாத்திருக்கேன், சைஸ்கிட்ட, அதான் குதிரையைப் பாத்துக்கிற ஆள்கிட்ட, புல் எவ்வளவுன்னு கேட்டா "ரெண்டு கட்டு"ம்பாங்க, கட்டு எத்தனை கிலோன்னு ஒருத்தருக்கும் தெரியாது. மீன் கடையில தொங்குமே கொக்கித் தராசு, அது ஒண்ணு வாங்கி ஷெட்ல மாட்டுங்க. இந்த மாசம் நீங்க குதிரைக்காக வாங்கப்போற பொருள்லயே உருப்படியானது அதுதான்.

புல் குறைஞ்சா மெலிவு மட்டும் இல்ல. குதிரை வயித்துல அமிலம் சாப்பிட்டாலும் சாப்பிடலைன்னாலும் நாள் முழுக்க ஊறிக்கிட்டே இருக்கும், நம்ம மாதிரி சோத்தைப் பாத்தாத்தான் ஊறும்னு கிடையாது. புல்லை மெல்லும்போது வர்ற எச்சிலும் வயித்துல மிதக்கிற புல்லும்தான் அந்த அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும். ரேஸ் ட்ரெய்னிங்ல இருக்கிற தாரோபிரெட்ல பெரும்பாலானதுக்கு வயித்துப்புண் இருக்குன்னு கேமரா விட்டுப் பாத்தவங்க திரும்பத் திரும்ப சொல்லிருக்காங்க. உங்க குதிரையும் அங்கேருந்துதான் வந்திருக்கு, இங்க வந்தும் நாள்ல பாதி நேரம் காலி வயித்தோட நிக்குது. பெல்லட்டைப் பாதியில விட்டுட்டுப் போகுதா, வயித்துப் பட்டையை இறுக்கும்போது காதைப் பின்னாடி மடக்குதா, மகள்கிட்ட கேளுங்க. ஆமான்னா டாக்டரை வரச்சொல்லி கேமரா போட்டுப் பாத்து அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் மருந்து தேவையான்னு முடிவு பண்ணணும், புண்ணை வச்சுக்கிட்டு மேல எந்தப் பவுடரைக் கொட்டினாலும் எடை ஏறாது. அப்படியே பல்லையும் பாக்கச் சொல்லுங்க. சாணியில புழு முட்டை எண்ணிப் பாக்கச் சொல்லுங்க. இந்த மூணும் பாக்காம சப்ளிமெண்ட் வாங்குறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதை.

அடுத்து எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கிற விஷயம். உங்க கடிதத்துல நடை குறுகிப் போச்சு, ஒரு நாள் இந்தக் கால் ஒரு நாள் அந்தக் கால்னு எழுதிருக்கீங்க பாருங்க, அதைக் கேட்டுட்டுத்தான் கடையில மூட்டுப் பவுடர் சொல்லிருக்காங்க. நான் அந்த வரியையும் நேப்பியரையும் தவிட்டையும் ஒண்ணா வச்சுப் படிச்சேன், எனக்கு வேற ஒண்ணு தோணுது.

நேப்பியர், செட்டாரியா, கினி புல் மாதிரி நம்ம ஊர் வெப்பத்துல வளர்ற பெரிய புல்லுல ஆக்ஸலேட்னு ஒண்ணு இருக்கு. அது வயித்துக்குள்ள போய் கால்சியத்தைக் கெட்டியா பிடிச்சுக்கும், விடாது. மாட்டுக்கு அதால பெரிய சிக்கல் இல்ல, ஏன்னா மாட்டோட முதல் வயித்துலயே இருக்கிற பாக்டீரியா ஆக்ஸலேட்டைத் தின்னுடும், அதுக்கப்புறம்தான் சாப்பாடு குடலுக்குப் போகும். குதிரைக்கு அந்த மாதிரி பாக்டீரியா இருக்கிற இடம் பின்குடல், கால்சியத்தை உறிஞ்சுற சிறுகுடல் அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. அதனால கால்சியம் உள்ள போயும் பிரயோஜனம் இல்லாம சாணியோட வெளிய போயிடும். மாடு செழிப்பா இருக்கிற அதே புல்லுல குதிரை எலும்பு கரையுறதுக்குக் காரணம் இதுதான்.

இது மேல நீங்க 2 கிலோ தவிடு போடுறீங்க. நெல்லுத் தவிடு, இங்க டெடாக்னு மூட்டையா விக்கிறது, அதுல பாஸ்பரஸ் கொட்டிக் கெடக்கு, கிலோவுக்கு 16 கிராம் மாதிரி இருக்கும், கால்சியம் 1 கிராம் தேறினா பெருசு. உங்க பெல்லட் லேபிள்ல கால்சியம் நூத்துக்கு 0.8, பாஸ்பரஸ் 0.5ன்னு போட்டிருக்கு. எல்லாத்தையும் கூட்டிப் பாத்தேன்: ஒரு நாளைக்கு பாஸ்பரஸ் 47 கிராம் பக்கம் போகுது, கால்சியம் 26 கிராம் பக்கம், அந்த 26லயும் ஒரு பங்கை ஆக்ஸலேட் பிடிச்சுக்கும். குதிரைக்கு கால்சியம் எப்பவும் பாஸ்பரஸுக்கு சமமாவாவது இருக்கணும், கூடுதலா இருந்தா நல்லது, ஒண்ணரை ரெண்டு மடங்கு வரைக்கும். உங்க தொட்டியில அது தலைகீழா நிக்குது.

இப்படி மாசக்கணக்குல போனா உடம்பு என்ன பண்ணும்னா, ரத்தத்துல கால்சியம் குறைய விடாது, இதயம் துடிக்கணுமே, அதனால எலும்புலேருந்து எடுத்து எடுத்து ரத்தத்துக்கு அனுப்பும். முதல்ல நடை குறுகும், கால் மாறி மாறி நொண்டும், முதுகு விறைக்கும், மெலியும். அப்புறம் தாடை எலும்பும் மூக்குக்கு ரெண்டு பக்கமும் முக எலும்பும் வீங்கும், பெரிய தலை நோய்னு சொல்றது அதைத்தான். ரத்தம் எடுத்துப் பாத்தா கால்சியம் நார்மல்னு வரும், எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க. எனக்கே அப்படி ஒண்ணு நடந்திருக்கு. டாக்டரா வேலைக்கு வந்த புதுசுல சிலாங்கூர்ல ஒரு சின்ன ஸ்டேபிள்ல ஒரு பெண் குதிரைக்கு ரத்த ரிப்போர்ட்டை மட்டும் பாத்துட்டு எலும்புல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு வந்தேன், மூணு மாசம் கழிச்சுப் போனப்போ முகம் வீங்கி மெல்ல முடியாம நின்னுச்சு. தொட்டியில என்ன போடுறாங்கன்னு அன்னைக்கு நான் ஒரு வார்த்தை கேக்கல. அந்தக் குதிரை முகம் எனக்கு இன்னும் மறக்கல, அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு நீட்டி எழுதுறேன்.

உங்க குதிரைக்கு அதுதான்னு இங்க கேஎல்ல உக்காந்துகிட்டு நான் சொல்ல முடியாது. குளம்புல சீழ், லாடம் சரியா அடிக்காதது, பழைய ரேஸ் காயம், எதுவா வேணா இருக்கலாம். டாக்டர் வந்து காலைத் தொட்டுப் பாக்கட்டும், முக எலும்பை ரெண்டு பக்கமும் தடவிப் பாக்கட்டும், ரத்தத்தோட மூத்திரத்துலயும் பாஸ்பரஸ் எவ்வளவு வெளிய போகுதுன்னு பாக்கச் சொல்லுங்க, பாராதைராய்டு ஹார்மோன் டெஸ்ட் கிடைச்சா அதுவும். அங்க ஆள் கிடைக்கலைன்னா செர்டாங்ல யூபிஎம் பல்கலைக்கழகத்தோட கால்நடை மருத்துவமனையில குதிரைக்குத் தனிப் பிரிவே இருக்கு, உங்க டாக்டர் அவங்ககூட பேசலாம். அதுவரைக்கும் சவாரி வேணாம், கையில பிடிச்சு நடக்க வைங்க போதும். மகளுக்கு வருத்தமா இருக்கும், எலும்பு பலவீனமா இருக்கிற குதிரையை ஓட்டினா ரெண்டு பேருக்கும் ஆபத்துன்னு எடுத்து சொல்லுங்க, 14 வயசுப் பிள்ளை புரிஞ்சுக்கும்.

இப்ப தொட்டியை மாத்துறதைப் பாப்போம்.

தவிட்டை நிறுத்துங்க. ஒரே நாள்ல இல்ல, பத்து நாள்ல படிப்படியா குறைச்சு நிறுத்துங்க. தவிட்டுல இன்னொரு சிக்கலும் இருக்கு, அதுல இருக்கிற எண்ணெய் நம்ம ஊர் சூட்டுல சீக்கிரம் கெட்டு நாறிப் போயிடும், மூட்டையைப் பிரிச்சு ஒரு மாசம் வச்சுப் போடுற பொருளே இல்ல அது.

அந்த 580 வெள்ளியைப் புல்லுல போடுங்க. இறக்குமதி ஹே, அதாவது வெட்டிக் காயவச்ச புல், ஓட்டன் ஹேயோ திமோத்தியோ, நாளைக்கு 6 கிலோ. அது கூட லூசர்ன், அல்ஃபால்ஃபான்னும் சொல்வாங்க, ஹேயாவோ க்யூபாவோ கிடைக்கும், நாளைக்கு 2 கிலோ. க்யூப்னா நல்லா ஊறவச்சுக் குடுங்க, தொண்டையில அடைச்சுக்கும். லூசர்ன் பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா நீங்க தேடுற சப்ளிமெண்ட் அதுதான். அது ஒரு பயறு வகைச் செடி, கிலோவுக்கு 12, 13 கிராம் கால்சியம் இருக்கும், 2 கிலோவுல 25 கிராம் வந்துடுச்சு, பாஸ்பரஸ் கம்மி. புரதம் நல்லா இருக்கு, ரேஸ்ல கரைஞ்ச முதுகுத் தசை திரும்பக் கட்டுறதுக்கு அது வேணும். அதுல இருக்கிற கால்சியமும் புரதமும் வயித்து அமிலத்தையும் கொஞ்சம் தணிக்கும், சவாரிக்கு முன்னாடி ஒரு கைப்பிடி லூசர்ன் குடுக்க சொல்றது அதுக்குத்தான். எலும்பு, தசை, வயிறு மூணுக்கும் ஒரே மூட்டை, அதுவும் புல்.

நேப்பியரை ஒரேயடியா நிறுத்த வேணாம், அந்த 10 கிலோ அப்படியே இருக்கட்டும். பச்சைப் புல்லுல வைட்டமின் ஈ நிறைய, ஹே காயும்போது அது போயிடும். ஹே, லூசர்ன், நேப்பியர் எல்லாம் சேர்த்தா காய்ஞ்ச கணக்குல 9 கிலோ வந்துடும், அதாவது நமக்கு வேணும்னு சொன்ன அளவு. ராத்திரிக்கு ஹேயை சின்னக் கண்ணி வலையில போட்டுத் தொங்கவிடுங்க, மெதுவா தின்னும், ஆறு மணி நேரத்துக்கு மேல வாய் காலியா இருக்கக்கூடாது.

பெல்லட்டை 2லேருந்து 3 கிலோ ஆக்குங்க. உங்க லேபிள்ல சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கு பாத்தீங்களா, இந்த எடை குதிரைக்கு நாளைக்கு 3 கிலோன்னு. கம்பெனிக்காரங்க வைட்டமின் தாதுவெல்லாம் அந்த 3 கிலோவுக்குக் கணக்குப் பண்ணித்தான் கலப்பாங்க, நீங்க 2 போட்டா மூணுல ஒரு பங்கு குறையும், அந்தக் குறையை அடைக்க வெளிய டப்பா தேடுறோம். நிறையப் பேர் பண்ற தப்பு இது. 3 கிலோவை மூணு வேளையா பிரிச்சுப் போடுங்க, ஒரே வேளையில கொட்டினா மாவுச்சத்து செரிக்காம பின்குடலுக்குப் போய் கோலிக்னு சொல்ற கடுமையான வயித்துவலி வரும். எதை மாத்தினாலும் பத்து பதினாலு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா.

இனி டப்பாவுக்கு வரேன்.

எலக்ட்ரோலைட். நாலுல தேவை இருக்கிறது இதுக்கு மட்டும்தான், ஆனா அந்த டப்பா வேணாம். லேபிள்ல முதல்ல டெக்ஸ்ட்ரோஸ்னு போட்டிருக்கு, அதாவது சக்கரை, உப்பு அப்புறம்தான் வருது. மேலே இருக்கிறதுதான் அதிகமா இருக்கிற சரக்கு. குதிரை வியர்வை நம்ம வியர்வை மாதிரி இல்ல தம்பி, நமக்கு தண்ணிதான் அதிகமா போகும் உப்பு கம்மி, குதிரைக்கு ரத்தத்துல இருக்கிற அளவுக்கோ அதுக்கு மேலயோ உப்பு சேர்ந்து போகும். அதனால ரத்தத்துல உப்போட அடர்த்தி ஏறாது, தாகமும் சரியா எடுக்காது, தண்ணி வத்தின குதிரை தொட்டியைப் பாத்துட்டு சும்மா நிக்கிறது அதனாலதான். இந்த ஊர் புழுக்கத்துல ஒரு மணி நேரம் நல்லா வேலை வாங்கினா 10 லிட்டர் வியர்வை போகலாம், லிட்டருக்கு 3 கிராம் பக்கம் சோடியம். புல்லுல சோடியம் கம்மி. அதனால சமையல் உப்பு, கடையில கிடைக்குமே சாதா உப்பு, சவாரி இல்லாத நாள் 25 கிராம், வியர்த்த நாள் 50லேருந்து 60 கிராம், தீவனத்துல ரெண்டு மூணு வேளையா கலந்து குடுங்க. ஒரு மேசைக்கரண்டி 17, 18 கிராம் வரும். பக்கத்துல நல்ல தண்ணி எப்பவும் இருக்கணும், தண்ணி இல்லாம உப்பு குடுக்கவே கூடாது. செலவு மாசம் அஞ்சு வெள்ளி ஆகுமா?

வியர்வைன்னு சொன்னதும் இன்னொண்ணு. உங்க குதிரைக்கு ஒழுங்கா வியர்க்குதான்னு பாருங்க. நம்ம பக்கம் ரேஸ் ஓடுறதுல முக்கால்வாசி ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல பிறந்தது. இந்த மாதிரி குளிர் ஊர்லேருந்து வந்த குதிரைல சிலதுக்கு நம்ம வெப்பத்துல வியர்வையே நின்னு போயிடும். வேலை முடிஞ்சு மூச்சு வாங்குது, உடம்பு கொதிக்குது, தோல் மட்டும் காய்ஞ்சு கெடக்குன்னா அதுதான். அதுக்குன்னு விக்கிற பவுடர் எதையும் நம்பி மகளை மத்தியானத்துல ரைட் பண்ண விடாதீங்க. ஃபேன், நிழல், குளிர்ந்த தண்ணியை நிறுத்தாம ஊத்துறது, சவாரி காலையில 8 மணிக்கு முன்னாடி, இதுதான் வைத்தியம்.

அயர்ன் டானிக், வேணவே வேணாம். குதிரைக்கு இரும்புச்சத்து குறையுறது ரொம்ப அபூர்வம், ரத்தம் கொட்டினாலோ புழு உறிஞ்சினாலோ தவிர. நாளைக்கு 400, 500 மில்லிகிராம் போதும், அது புல்லுலயே தாண்டிப் போகுது. ரத்த ரிப்போர்ட்ல சிவப்பணு கம்மின்னு யாராவது காட்டினா, எடுக்கும்போது குதிரை அமைதியா நின்னுச்சான்னு கேளுங்க. குதிரை மண்ணீரல்ல சிவப்பணுவைச் சேத்து வச்சிருக்கும், ஓடும்போது பயப்படும்போதுதான் வெளிய விடும், சாந்தமா நிக்கிற தாரோபிரெட் ரிப்போர்ட்ல சோகை மாதிரி தெரியும், சோகை இல்ல. தேவையில்லாத இரும்பு வெளியேற வழி இல்லாம கல்லீரல்ல தங்கும்.

குளுக்கோசமைன், 7 வயசுல, காரணம் தெரியாத நொண்டலுக்கு, வேணாம். வாய்வழியா குடுத்தா கொஞ்சம்தான் ரத்தத்துக்குப் போகுது, பலன் இருக்குன்னு அழுத்தமா சொல்ற அளவுக்கு ஆதாரமும் இல்ல. அதை விட, பவுடர் போட்டாச்சுன்னு நம்பிக்கிட்டு நிஜ காரணத்தைத் தேடாம விட்டுடுவோம், அதுதான் எனக்குக் கவலை. மகள் பின்னாடி போட்டியில கலந்துக்கிற எண்ணம் இருந்தா மூலிகை கலந்த மூட்டுப் பவுடர் பக்கமே போகாதீங்க, டெவில்ஸ் க்ளானு ஒரு மூலிகை நிறைய டப்பாவுல இருக்கும், உலகக் குதிரை விளையாட்டு அமைப்பான எஃப்இஐ விதிப்படி அது கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கிற பொருள்.

பயோட்டின். இது பொய் இல்ல, ஆனா அவசரமும் இல்ல. லிப்பிஸானர் குதிரைகளை வச்சு நாளைக்கு 20 மில்லிகிராம் குடுத்துப் பாத்த ஆய்வு ஒண்ணு 1995ல வந்துச்சு, குளம்பு நல்லா ஆச்சு, ஆனா வித்தியாசம் தெரிய 9 மாசம் ஆச்சு. ஏன்னா குளம்பு மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கூட முழுசா வளராது, இன்னைக்கு நீங்க குடுக்கிறது மேல முளைக்கிற புது குளம்புக்குத்தான், கீழ உடைஞ்சது உடைஞ்சதுதான். முதல் மூணு மாசம் தீவனம் சரியாகட்டும், லாடம் அடிக்கிறவர் அஞ்சாறு வாரத்துக்கு ஒரு தடவை வரட்டும், மழை சேத்துல நாள் முழுக்க நிக்காம பாத்துக்கங்க. மேலேருந்து வர்ற புது வளையமும் மோசமா இருந்தா அப்ப பயோட்டின் வாங்குங்க, ஆனா இந்த டப்பா இல்ல, செலினியம் கலக்காத டப்பா.

செலினியத்துக்கு ஏன் இவ்வளவு பயப்படுறேன்னா, நீங்க அனுப்பின போட்டோவை எல்லாம் வரிசையா வச்சுக் கூட்டினேன். பெல்லட்ல 0.6 மில்லிகிராம், பழைய வைட்டமின் ஈ பவுடர்ல 2, பயோட்டின் டப்பாவுல 1, டானிக்ல அரை. எல்லாத்தையும் போட்டா 4க்கு மேல, குதிரைக்கு வேணுங்கிறது 1. இதுல நாளைக்கே விஷம் ஏறிடாது, அதையும் நேர்மையா சொல்லிடறேன். ஆனா இதுக்கு மேல எவனாவது ஒரு "பவர் ஊசி" போட்டா? 2009 ஏப்ரல்ல ஃபுளோரிடாவுல ஒரு போலோ டீமோட 21 குதிரை ஒரே நேரத்துல செத்துச்சு, மேட்சுக்கு முன்னாடி போட்ட வைட்டமின் தாது ஊசியில செலினியம் அளவு தப்பாக் கலந்துட்டாங்க. கூடுதலா மாசக்கணக்குல போனா பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும், குளம்பு மேல வளையமா வெடிக்கும். குளம்பு உடையுதுன்னு வாங்குற டப்பாவே குளம்பை வெடிக்க வைக்கும்னா பாத்துக்கங்க. பெல்லட் 3 கிலோ ஆனா 0.9 வந்துடும், போதும். பழைய பவுடரை நிறுத்துங்க.

இனிமே எந்த டப்பாவை எடுத்தாலும் ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம்னு பாருங்க, கிலோவுக்கு எத்தனைன்னு போட்டிருந்தா ஏமாந்துடாதீங்க, நீங்க போடுறது 30 கிராம்தான். அளவே போடாம "உயர்தர தாதுக்கள்"னு மட்டும் எழுதிருந்தா திரும்ப வச்சுடுங்க. ஷோப்பியில பாதி விலைக்கு வர்ற, மூடி மாத்தின, தேதி அழிஞ்ச சரக்கும் வேணாம். பெரிய டப்பா மலிவுன்னு வாங்காதீங்க, நம்ம ஈரக் காத்துல திறந்து ரெண்டு மாசத்துல கட்டி பிடிக்கும், வைட்டமினும் போயிடும்.

அப்பா சொன்ன கொள்ளு. பெரியவர் சொல்றதுல தப்பே இல்ல, கொள்ளுன்னா வாயைத் திறக்கும் கடிவாளம்னா வாயை மூடும்னு பழமொழி சொல்ற அளவுக்கு குதிரையும் கொள்ளும் நம்ம ஆளுங்களுக்குப் பழக்கம். பச்சையா போடக்கூடாது, புரதத்தைச் செரிக்க விடாத ஒண்ணு அதுல இருக்கு, அவிச்சாத்தான் போகும், அதுவும் பெரியவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. லூசர்ன் போடுறதால அவசியம் இல்ல, ஆனா அவிச்சு ஆறவச்ச கொள்ளு ஒரு அரை கிலோ, அன்னைக்கே அவிச்சது, தாத்தா கையால சாயங்காலம் குடுக்கட்டும். முந்தின நாள் மிச்சம் வேணாம், புளிச்சிரும்.

எடையை எப்படிப் பாக்கிறதுன்னு மகளுக்கு சொல்லிக் குடுங்க. முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி டேப் வச்சு சென்டிமீட்டர்ல அளக்கணும், அதை அதாலயே பெருக்கணும், தோள் முனையிலேருந்து பிட்டம் முனை வரைக்கும் நீளத்தால பெருக்கி 11,880ஆல வகுத்தா கிலோ வரும். சுத்தளவு 180, நீளம் 162ன்னா 442 கிலோ. நான் 470ன்னு ஊகமா வச்சுக் கணக்குப் போட்டிருக்கேன், நீங்க அளந்து நிஜ எடை வந்ததும் புல் அளவை அதுக்கேத்த மாதிரி மாத்திக்கலாம். ஞாயித்துக்கிழமை காலையில தீவனத்துக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து நோட்டுல எழுதட்டும், ஒரே பக்கத்துலேருந்து ஒரு போட்டோவும் எடுக்கட்டும்.

டாக்டர் வந்து முகத்தைத் தொட்டுப் பாத்ததும், மூத்திர ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க. கால்சியம் குறைதான்னு உறுதியாச்சுன்னா லூசர்ன் மட்டும் பத்தாது, சுண்ணாம்புக்கல் பொடியும் தினம் சேக்கணும், ஆக்ஸலேட் இருக்கிற நேப்பியரையும் ஹேயா மாத்தணும், அளவை உங்க டாக்டரோட பேசி சொல்றேன். அதுவரைக்கும் கடையில எந்த டப்பாவுக்கும் முன்பணம் கட்டாதீங்க.